ஏறும்போது கொதிக்கிற வண்டி

அத்தியாயம் ஐந்து

"வண்டி மூணு டாக்டரைப் பார்த்தாச்சு அண்ணி. உடம்புல ஒரு குறையும் இல்லைன்னு மூணு பேரும் சொல்லிட்டாங்க. இனி மனசுக்குப் பார்க்கிற டாக்டர்கிட்டதான் காட்டணும்," என்றான் ஸ்பேனர்.

அண்ணி சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கட்டுக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் நின்றிருந்த பழைய வெள்ளை வேனை ஒரு சுற்று சுற்றி வந்தாள். சம்பந்தம் பேச வந்த வீட்டில் பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிடித்திருக்கிறதா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வாகனச் சர்வேயர் வேலையில் இருபது வருடம் பழகியவள் அவள். மோதிய வண்டி, எரிந்த வண்டி, ஆற்றில் விழுந்த வண்டி என்று எது கிடந்தாலும், யார் பேரில் தப்பு என்று பார்த்துச் சொல்ல அவளைத்தான் கூப்பிடுவார்கள். 'வண்டி பொய் சொல்லாது, வண்டியைப் பற்றிச் சொல்கிறவன்தான் சொல்லுவான்' என்பது அவளுடைய வேதம். ஸ்பேனர் அவளுடைய கொழுந்தன். காலையில் தெருமுனையில் சொந்தப் பட்டறை, மத்தியானத்துக்கு மேல் அண்ணிக்கு எடுபிடி. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. கையில் ஸ்பேனர் இல்லாத நேரத்திலும் வாய் எதையாவது திருகிக்கொண்டே இருக்கும்.

"மணி என்ன?" என்றாள் அண்ணி.

"ஒண்ணு பத்து."

"நாலு மணிக்கு விசாரணை."

"தெரியும் அண்ணி. அதனாலதான் ஜோக்கெல்லாம் சீக்கிரமா சொல்லி முடிச்சுக்கிட்டிருக்கேன்."

விஷயம் இதுதான். மூன்று நாளைக்கு முன், ஊருக்கு வெளியே இருந்து மூச்சுத் திணறலோடு ஒரு தையல்காரம்மாவை இந்த வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பைபாஸ் ரோட்டில் பாதி வழியில் எஞ்சின் கொதித்து, புகை கக்கி, நின்றுவிட்டது. வேறு வண்டி வந்து சேர நாற்பது நிமிடம். சிலிண்டரில் இருந்த ஆக்சிஜன் முப்பது நிமிடத்துக்குத்தான் காணும். அந்த அம்மா இப்போது மாடியில், வாயில் குழாயோடு, கண் திறக்காமல் கிடக்கிறாள். மறுநாள் காலை மேனேஜர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. டிரைவர் தண்ணீர் ஊற்றாமலே வண்டியை எடுத்திருக்கிறான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்கள். நாலு மணி விசாரணையில் 'அலட்சியம்' என்று ஒரு சொல் எழுதிவிட்டால் போதும். டிரைவருக்கு வேலை போகும், லைசென்ஸ் போகும், காகிதம் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும்.

அந்த டிரைவர் வேனுக்குப் பக்கத்திலேயே நின்று, ஏற்கெனவே துடைத்த கதவுப் பிடியை மஞ்சள் துணியால் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக இந்த ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டுகிறவர். எல்லாரும் அவரை 'அரைவார்த்தை' என்பார்கள். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி அவரை யாரும் கேட்டதில்லை. யார், எதை, எப்போது என்பதையெல்லாம் கேட்கிறவன்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

"அன்னைக்குத் தண்ணி ஊத்தினீங்களா?" என்றாள் அண்ணி.

"ஊத்தினேன்."

"எவ்வளவு?"

"வாய்வரை."

"பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"தண்ணி."

ஸ்பேனர் குறுக்கே புகுந்தான். "அதையும் விசாரிக்கலாம்னு பார்த்தா ஆவியா ஓடிப்போச்சே அண்ணாச்சி."

அரைவார்த்தை அவனை ஏறிட்டுப் பார்த்தார். கோபமில்லை. கோபப்படவும் தெம்பில்லாத பார்வை அது. ஸ்பேனருக்கு அடுத்த ஜோக் தொண்டையிலேயே நின்றது.

அண்ணி பானட்டைத் தூக்கச் சொன்னாள். எஞ்சினை விட்டுவிட்டு, பானட்டின் உட்பக்கத்தைத் தலையைச் சாய்த்து அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "மேனேஜரைக் கூப்பிடு," என்றாள்.

மேனேஜர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் போன். வந்ததும் வராததுமாகப் படத்தைக் காட்டினார். "பாருங்க. உள்ளே காய்ஞ்சு கிடக்கு. இதுக்கு மேல என்ன சர்வே வேணும்?"

"நீங்க உள்ளே பார்த்தீங்க. கொஞ்சம் மேலே பாருங்க," என்றாள் அண்ணி.

பானட்டின் அடிப்பக்கத்தில், ரேடியேட்டர் வாய்க்கு நேர் மேலே, காவி நிறத்தில் ஒரு பெரிய கறை. வெற்றிலைச் சாற்றைத் துப்பினாற்போல அங்கிருந்து கோடு கோடாகக் கண்ணாடியின் அடிவரை தெறித்து உலர்ந்திருந்தது.

"காலி டப்பா துப்பாது மேனேஜர் சார். வாய் நிறைய இருந்தாத்தான் இவ்வளவு துப்ப முடியும். தண்ணி இருந்திருக்கு. கொதிச்சு வெளியே போயிருக்கு. நீங்க படம் எடுத்தது அதுக்கு அடுத்த நாள்."

அரைவார்த்தையின் கையில் துணி நின்றது.

மேனேஜர் கறையைத் தொட்டுப் பார்த்தார். கெட்டவர் இல்லை, ஆனால் மாடியில் ஒரு பெண் கண் திறக்காமல் கிடக்கும்போது யாரையாவது கை காட்டியாக வேண்டிய இடத்தில் இருந்தார். "சரிம்மா. ஊத்தினான்னே வச்சுக்குவோம். பின்னே ஏன் கொதிச்சது? இதுக்கு முன்னாடி கொதிச்சப்பல்லாம் மூணு பட்டறையில காட்டியாச்சு. வண்டியில கோளாறு இல்லைங்கறாங்க. கோளாறு வண்டியில இல்லைன்னா ஓட்டினவன்கிட்ட. சூடு காட்டற முள் மேலே ஏறினதப் பார்த்துட்டுத்தானே ஓட்டியிருக்கான்?"

"பார்த்தீங்களா?" என்று அண்ணி டிரைவரைக் கேட்டாள்.

"பார்த்தேன்."

"ஏன் நிறுத்தல?"

"மூச்சு," என்றார் அரைவார்த்தை.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வண்டியில காரணம் இருந்தா நாலு மணிக்குள்ள காட்டுங்க. இல்லைன்னா எனக்கு வேற வழி இல்லை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி தன் குறிப்பேட்டை வேனின் முன்பக்கம் விரித்து வைத்து, பென்சிலைத் தீட்டினாள். சந்தேகக் கைதிகளை வரிசையாக நிறுத்தினாள். ஸ்பேனர் ஒவ்வொன்றாகத் தொட்டு, முறுக்கி, தட்டிச் சொன்னான்.

"விசிறி?"

"சுத்துது. ஒரு இலைகூட உடையல."

"பெல்ட்?"

"என் பேன்ட் பெல்ட்டைவிட டைட்டா இருக்கு."

"ரேடியேட்டர்?"

"முதல் டாக்டர் கழட்டிக் கழுவியிருக்காரு. தெர்மோஸ்டாட் ரெண்டாவது டாக்டர் போட்ட புதுசு. பம்பு மூணாவது டாக்டர் போட்டது, அதுவும் புதுசு. மேல் ஹோஸ் பழசு, ஆனா கல்லாட்டம் இருக்கு. கீழ் ஹோஸ் நான் போட்டது."

அண்ணி நிமிர்ந்தாள். "நீயா?"

"மழை ஆரம்பிச்ச சமயம் அண்ணி. ஹோஸ் வெடிச்சுப் போச்சு, அவசரம்னு மேனேஜர் போன் பண்ணினாரு. வந்து மாத்திக் குடுத்துட்டுப் போனேன். பில்லு கூடக் கிடையாது, ஒரு டீயோட சரி. புத்தம் புது ரப்பர். அதை அடிச்சுடுங்க."

"நீ கை வச்ச வண்டின்னு வரும்போதே ஏன் சொல்லல?"

"ஒரு குழாயை மாத்தினதெல்லாம் கை வச்ச கணக்கா? அப்படிப் பார்த்தா இந்த ஊர்ல பாதி வண்டிக்கு நான் சம்பந்தி."

அண்ணியின் பென்சில் ஒரு கணம் காகிதத்துக்கு மேலே நின்றது. வீட்டு ஆளின் வேலை. பிறந்த வீட்டுக் கத்தரிக்கோல் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நம்பிப் பழகிய கை. 'கீழ் ஹோஸ்' என்ற சொல்லின் மேல் கோடு விழுந்தது.

பட்டியலில் மீதி ஒன்றும் இல்லை.

"எல்லாரும் நல்லவங்க. பின்னே கொலை பண்ணினது யாரு?" என்றான் ஸ்பேனர். சொன்ன பிறகு அந்தச் சொல் அவனுக்கே பிடிக்கவில்லை. மாடி ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

அண்ணி டிரைவரிடம் திரும்பினாள். "எப்போ சூடாகுது?"

"ஏறும்போது."

"மூணு பட்டறையிலும் இதைத்தான் சொன்னீங்களா?"

"ஆமா."

"சரி, ஏத்திப் பார்ப்போம்."

ஊரில் இருந்த ஒரே மேடு ரயில் பாதைக்கு மேலே போகிற பாலம். வேனை அங்கே கொண்டு போனார்கள். அரைவார்த்தை ஓட்ட, அண்ணி பக்கத்தில் உட்கார, ஸ்பேனர் பின்னால் நோயாளி படுக்கிற பலகையில் படுத்துக்கொண்டு, "எனக்கு ரொம்ப முடியல அண்ணாச்சி, பார்த்து மெதுவா ஓட்டுங்க," என்று வேஷம் கட்டினான். பாலத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து ஏறினார்கள். முள் நடுவில் நின்றது. இறங்கித் திரும்பி வந்து இன்னொரு தடவை ஏறினார்கள். முள் நடுவிலேயே நின்றது. மூன்றாவது தடவை அண்ணி இரண்டாவது கியரிலேயே முழுப் பாலத்தையும் ஏற்றச் சொன்னாள். எஞ்சின் முனகியது, ஆனால் முள் அசையவில்லை. வாத்தியார் தலையைக் கண்டதும் கை கட்டிக்கொள்கிற பிள்ளை மாதிரி, வண்டி அத்தனை ஒழுங்காக இருந்தது.

திரும்பி வரும்போது ஸ்பேனர் எழுந்து பலகையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான். பக்கத்துக் கம்பியில் ஆக்சிஜன் குழாய் ஆடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா இதைப் பார்த்துக்கொண்டுதானே நாற்பது நிமிடம் கிடந்திருப்பாள் என்று தோன்றியது. தோன்றாமல் இருந்தால் தேவலை.

மணி இரண்டு ஐம்பது.

ஸ்பேனர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க வாளியோடு சலவைக்கட்டுக் குழாய்க்குப் போனான். அங்கே ஒருவர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் தாடி. சட்டையில் பித்தான் மாறி மாட்டியிருந்தது.

"நீங்கதான் அந்த வண்டியைப் பார்க்க வந்தவங்களா?" என்றார். "நான் அந்தத் தையல்காரிக்கு அண்ணன். அன்னைக்குக் கூடவே வந்தேன்."

ஸ்பேனருக்கு வாளியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "பார்த்துக்கிட்டிருக்கோம் ஐயா."

"கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க. தங்கச்சி எழுந்திருச்சுடுவாங்கறதுக்காக இல்ல. கோபப்பட எனக்கு ஒரு ஆளு வேணும். மூணு நாளா சுவரைப் பார்த்துக் கோபப்பட்டுக்கிட்டிருக்கேன்."

"டிரைவர் மேல கோபம் இல்லையா?"

"அந்த மனுஷன் ரோட்டுல போற வர்ற ஒவ்வொரு வண்டிக்கும் குறுக்கே விழுந்தாரு. ஒருத்தனும் நிறுத்தல. அவர் மேல எப்படிக் கோபப்படறது?" பாட்டில் நிரம்பி வழிந்தது. அவர் கவனிக்கவில்லை. ஸ்பேனர்தான் குழாயை மூடினான்.

வாளியோடு திரும்பியபோது அண்ணி வேனின் பயண நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நாலு மாசத்துல நாலு தடவை கொதிச்சிருக்கு. நாலு நாளும் போன பாதையைப் பாரு. ஒரு பாதையிலகூட பாலம் இல்ல."

"மேடே இல்லாத ஊர்ல ஏறும்போது எப்படி அண்ணி கொதிக்கும்?"

அண்ணி நோட்டை மூடினாள். மெல்ல டிரைவர் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் எழுவாய் கேட்கிற வாத்தியாரம்மா மாதிரி கேட்டாள்.

"அண்ணே. ஏறும்போதுன்னீங்களே. எது ஏறும்போது?"

அரைவார்த்தை விழித்தார். இதைக்கூடவா கேட்பார்கள் என்கிற முழி. "அவங்க."

"எவங்க?"

"முடியாதவங்க."

ஸ்பேனர் வாளியைக் கீழே வைத்தான். "அடப்பாவி மனுஷா. ஆளு ஏறும்போதுன்னா சொன்னீங்க? மூணு மெக்கானிக்கும் நாங்களும் மலை மலையா ஏறிக்கிட்டிருக்கோம்."

"கேக்கல," என்றார் அவர்.

உண்மைதான். ஒருவரும் கேட்கவில்லை. மெக்கானிக் காதுக்கு 'ஏறும்போது' என்றால் மேடு. முப்பது வருடமாக அந்தக் காதுகளுக்கு வேறு அர்த்தம் கிடையாது. மேட்டில் சூடாகிற வண்டிக்கு என்ன மருந்தோ அதைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"இப்போ வண்டிக்கு நோயாளியைக் கண்டா அலர்ஜின்னு எழுதவா அண்ணி?"

"வாயை மூடு. ரொம்ப முடியாதவங்க ஏறினா நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணே? மத்த நாள்ல பண்ணாதது?"

அரைவார்த்தை யோசித்தார். வலது காலை லேசாகத் தரையில் அழுத்திக் காட்டினார்.

"வேகம்," என்றாள் அண்ணி. "அவசரம் இல்லாத நாள்ல நாற்பதைத் தாண்ட மாட்டீங்க. உயிர் போற ஆள் ஏறினா மட்டும் வேகம் ஏறும். வேகம் ஏறினா முள்ளு ஏறும். தம்பி, பட்டறையில எல்லாரும் எஞ்சினை எப்படி வச்சுப் பார்த்தாங்க?"

"சும்மா ஓட விட்டு. பானட்டைத் தொறந்து."

"அப்படித்தான் பார்ப்பாங்க. இது ஆள் பார்த்தா ஒழுங்கா இருக்கிற கள்ளன். யாரும் பார்க்காதப்போ, நல்லா சூடேறி, கால் மணி நேரம் விடாம ஓடினாத்தான் வேலையைக் காட்டும். அண்ணே, ஏறி உக்காருங்க. மாடியில இருக்கிற அந்த அம்மா இன்னும் வண்டிக்குள்ளேதான் இருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டு மிதிங்க."

நின்ற இடத்திலேயே வண்டியை ஓட விட்டார்கள். அரைவார்த்தை ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்தார். சலவைக்கட்டில் காய்ந்த பச்சைப் போர்வைகள் எல்லாம் அதிர்ந்தன. ஸ்பேனர் முள்ளைப் பார்த்து உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம், நடுவில். பத்து நிமிடம், நடுவில். பன்னிரண்டாவது நிமிடம் முள் நகர்ந்தது.

"ஏறுது அண்ணி. ஏறுது." அவன் குரலில் சந்தோஷம் துள்ளியது. நாலு மணிக்கு இன்னும் அரை மணி இருந்தது. கள்ளன் கையும் களவுமாக மாட்டப் போகிறான்.

அண்ணி டார்ச்சோடு முன்பக்கம் குனிந்திருந்தாள். குனிந்தவள் எழுந்திருக்கவில்லை.

"என்ன அண்ணி?"

"இங்க வா."

அவன் போய்ப் பக்கத்தில் குந்தினான். டார்ச் வெளிச்சம் கீழ் ஹோஸின் மேல் விழுந்திருந்தது. உருண்டையாக இருக்க வேண்டிய குழாய், வாய் வைத்து உறிஞ்சின காகிதக் குழாய் மாதிரி சப்பையாக ஒட்டிக் கிடந்தது. அதற்குள் ஒரு தம்ளர் தண்ணீர்கூடப் போக வழியில்லை.

"அண்ணே, காலை எடுங்க," என்றாள் அண்ணி.

எஞ்சின் தணிந்தது. அவன் கண்ணெதிரே ஹோஸ் மெல்ல மூச்சு விட்டு, உப்பி, பழையபடி உருண்டது. ஒன்றும் அறியாத பச்சைக் குழந்தை மாதிரி.

ஸ்பேனர் கையை நீட்டி அந்தக் குழாயைத் தொட்டான். சுட்டது.

"பம்பு இந்தப் பக்கமிருந்துதான் தண்ணியை உறிஞ்சுது," என்றாள் அண்ணி, அவனைப் பார்க்காமல். "வேகம் ஏறினா பலமா உறிஞ்சும். மூணாவது ஆள் போட்ட புதுப் பம்பு இன்னும் பலமா. ரப்பர் சூட்டுல இளகினதும் ஒட்டிக்குது. அப்படி ஒட்டாம இருக்கத்தான் கம்பெனியில ஹோஸுக்குள்ள ஒண்ணு வச்சு அனுப்புவாங்க. தம்பி, வெடிச்ச பழைய ஹோஸைக் கழட்டினியே, உள்ளே என்ன இருந்தது?"

"ஒண்ணுமில்ல."

அவள் டார்ச்சை அணைக்கவில்லை.

"ஒரு ஸ்பிரிங் இருந்தது அண்ணி. துருப்பிடிச்சு. தொட்டா உதிர்ந்துச்சு."

"என்ன பண்ணினே?"

"முன்னாடி வேலை பார்த்த எவனோ அடைப்புக் குத்தி எடுக்கக் கம்பியை விட்டு, உள்ளேயே மறந்துட்டுப் போயிட்டான்னு நினைச்சேன்." டிரைவர் சீட்டுப் பக்கம் கை காட்டினான். "சிரிச்சேன்கூட. இவர்தான் டார்ச் பிடிச்சுக்கிட்டிருந்தாரு. பாருங்க அண்ணாச்சி, உங்க வண்டி வயித்துல எவனோ கத்தியை வச்சுத் தைச்சிருக்கான்னு சொன்னேன். வீசிட்டேன்."

"இந்த வருஷம் மழை எப்போ ஆரம்பிச்சது?"

அவன் விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை. "நாலு மாசம் முன்னாடி."

அரைவார்த்தை இறங்கி வந்து நின்றார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. ஸ்பேனர் அவர் முகத்தைப் பார்க்க முயன்று தோற்றான். திட்டினால் நன்றாக இருக்கும். சட்டையைப் பிடித்து உலுக்கினால் இன்னும் நன்றாக இருக்கும்.

"வேணாம்," என்றார் அவர்.

"என்ன வேணாம்?" என்றாள் அண்ணி.

"சொல்ல." ஸ்பேனர் பக்கம் தாடையை நீட்டினார். "உதவிக்கு வந்தாரு."

சொல்லிவிட்டு மஞ்சள் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, விசாரணை நடக்கிற அறைப் பக்கம் நடந்தார். தூக்கு மேடைக்குப் போகிறவன் நேரம் தவற மாட்டான் என்பது போல, பத்து நிமிடம் முன்னதாகவே.

ஸ்பேனர் அண்ணியைப் பார்த்தான். அவள் பையிலிருந்து அறிக்கைத் தாளை எடுத்திருந்தாள். ஆனால் எழுதவில்லை.

"எழுதுங்க அண்ணி. என் பேரைப் போட்டே எழுதுங்க."

"எழுதலாம். கடைசி வரியைப் படி."

எத்தனையோ தடவை பார்த்த வரி. அச்சிலேயே இருக்கும். 'இந்த வாகனத்தோடு எனக்கோ என் உறவினர் எவருக்குமோ எவ்விதத் தொடர்பும் இல்லை என உறுதி கூறுகிறேன்.'

"உன் பேரை விட்டுட்டு எழுதினா மேலே பொய். உன் பேரைப் போட்டு எழுதினா கீழே பொய். ரெண்டுல எதை எழுதினாலும் கிழிச்சுப் போட்டுடுவாங்க. கொழுந்தன் செஞ்ச தப்பை அண்ணி கண்டுபிடிச்சாளாம்னு சிரிப்பாங்க. அடுத்த நிமிஷம் அந்த ஆள் தலையில எல்லாம் விழும்."

"அப்போ கண்டுபிடிச்சதே வீணா?"

"கண்டுபிடிச்சது வீணில்ல. நான் கண்டுபிடிச்சது வீண்." அவள் தாளை மடித்தாள். "நீ கை வச்ச வண்டின்னு சொன்னியே, அந்த நிமிஷமே நான் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பியிருக்கணும். நம்ம தம்பிதானேன்னு கோடு போட்டேன். அந்தத் தப்புக்கு என்னால இப்போ ஒண்ணும் செய்ய முடியல."

ஜெனரேட்டர் அறையில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் தன் கைகளைப் பார்த்தான். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு நகக்கண்ணில் இருந்தது. பட்டறை வாசலில் நாளைக்கு யார் வண்டியை நிறுத்துவார்கள் என்று நினைத்தான். இந்த நேரத்தில் அதை நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்ட பிறகும் அதையே நினைத்தான்.

"அண்ணி, நீங்க போன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போயிடறேன்."

"சொல்ல மாட்டேன்."

"அப்போ இருன்னாவது சொல்லுங்க."

"அதையும் சொல்ல மாட்டேன்."

"எதுக்கெடுத்தாலும் அதட்டுவீங்களே. இன்னைக்கு ஒரு தடவை அதட்டுங்களேன்."

அண்ணி பையின் வாரை இழுத்து இழுத்துச் சரி செய்தாள். சரியாகத்தான் இருந்தது. "உங்க அண்ணனுக்கு என்ன பதில் சொல்லப் போறேன்னு எனக்கே தெரியல தம்பி," என்று மட்டும் சொன்னாள். அவள் கண்ணில் தண்ணீர் நிற்பதை ஸ்பேனர் அன்றைக்குத்தான் பார்த்தான்.

அவன் நடந்தான்.

நடைபாதை முழுக்க மருந்து வாசனை. என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தான். முதல் வாக்கியத்திலேயே ஒரு வேடிக்கை வந்து ஒட்டிக்கொண்டது. பிய்த்து எறிந்தான். அடுத்ததிலும் வந்தது. வேடிக்கை இல்லாமல் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமலே கதவைத் தள்ளினான்.

உள்ளே மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர். இந்தப் பக்கம் அரைவார்த்தை, கை கட்டி நின்றுகொண்டு. சுவரோரம் நாற்காலியில் தையல்காரம்மாவின் அண்ணன், மாறி மாட்டிய பித்தானோடு.

"சர்வேயரம்மா எங்கே? அறிக்கை?" என்றார் மேனேஜர்.

"அறிக்கை வராது சார். நான் வந்திருக்கேன்."

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

சொன்னான். மழை ஆரம்பித்த சமயம், வெடித்த ஹோஸ், உள்ளே இருந்த கம்பி, தான் அதை வீசியது, வேகம் எடுத்தால் புது ஹோஸ் ஒட்டிக்கொள்வது. வந்து பார்த்தால் இப்போதே காட்டுகிறேன் என்றான். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற மாதிரி அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

மேனேஜர் தன் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். அந்த அவசர போன் தன்னுடையது என்பது அவருக்கும் அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும்.

தையல்காரம்மாவின் அண்ணன்தான் கேட்டார். "அந்தக் கம்பி எவ்வளவு பெருசு?"

ஸ்பேனர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து ஒரு சாண் காட்டினான்.

அவர் அந்தச் சாணையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா," என்றார்.

மேனேஜர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நகர்த்தினார். "நீங்க சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க." அரைவார்த்தையைப் பார்த்து, "நீங்க உக்காருங்க," என்றார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பன்மையில். அரைவார்த்தை உட்காரவில்லை.

ஸ்பேனர் தாளைப் பார்த்தான். தலைப்பில் 'சாட்சியின் வாக்குமூலம்' என்று அச்சிட்டிருந்தது. பேனாவை வாங்கி, 'சாட்சியின்' என்ற சொல்லை அடித்தான். அதற்கு மேலே வேறு ஒரு சொல் எழுத வேண்டும். அது அவனுக்குத் தெரியும். பேனா தாளில் ஊன்றியபடியே நின்றது, நகரவில்லை.

சுவரோரத்து நாற்காலி கிறீச்சிட்டது. அந்த அண்ணன் அதை இழுத்துக்கொண்டு வந்து, அவனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"நிதானமா எழுதுங்க," என்றார். "நாங்க காத்திருந்து பழகினவங்க."